750 வாட்ஸும் ஒரு கை கடலைக்காயும்

போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் ஈரோட்டில் வாங்கிய மிக்சி இது. 4,150 ரூபாய். 750 வாட்ஸ், மூன்று ஸ்டீல் ஜார், மோட்டாருக்கு ஐந்து வருஷம் வாரண்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லப் போவதில்லை. அந்த விலையில் கடையில் அடுக்கி வைத்திருக்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் உள்ளே ஒரே சங்கதிதான்.

வாங்கியதும் நான், அரைப்பதும் நான். அதற்கு முன்னால் முப்பத்தெட்டு வருஷம், மிக்சியை எந்தப் பக்கம் திருகினால் ஓடும் என்றுகூட எனக்குத் தெரியாது. கூட்டுறவு சங்கத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். அந்த வைகாசியில் வீட்டுக்காரி களத்தில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கட்டுப் பிரித்த பிறகும் ஜாரை அழுத்திப் பிடிக்கக் கையில் தெம்பு வரவில்லை. 2011-இல் அரசாங்கம் விலையில்லாமல் கொடுக்க ஆரம்பித்த மிக்சிகளில் ஒன்று அதுவரை எங்களிடம் உழைத்துக் களைத்திருந்தது. சரி, கையும் புதுசு, மிக்சியும் புதுசாக இருக்கட்டும் என்று வாங்கினேன். அவள் அடுப்படி வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் அரைக்கிறேன்.

கடையில் இருந்த பையன், “மஞ்சளே அரைக்குமுங்க” என்றான். ஈரோட்டில் நின்றுகொண்டு மஞ்சளைச் சொன்னால் யார்தான் மயங்கமாட்டார்கள்? நாலாம் நாளே விரலி மஞ்சளை உடைக்காமல் அப்படியே ஜாரில் போட்டு, எடுத்த எடுப்பில் மூன்றில் திருகினேன். டொக்கென்று ஒரு சத்தம், பொசுங்கின வாடை, அப்புறம் மூச்சுப் பேச்சில்லை. மோட்டார் போய்விட்டதென்று துண்டில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறி, கோபியில் ஒரு ரிப்பேர் கடைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி மிக்சியைக் கவிழ்த்தார், அடியில் இருந்த சிவப்புப் பொத்தானை அமுக்கினார், நிமிர்த்தினார், ஓடியது. “ஓவர்லோடுங்க ஐயா. மோட்டாரு எரியக் கூடாதுன்னு அதுவே கட்டாயிக்கும். சித்த நேரம் ஆறவிட்டு அமுக்குனாப் போதும்.” அதற்குக் காசு வாங்கவில்லை. ஆனால் மேலே, ஜாரை மோட்டாரோடு கோக்கிற பல்சக்கரமான கப்ளரில் இரண்டு பல் நொறுங்கியிருந்தது. கீழே ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்துப் பிடித்துக்கொண்டு மேலே பிளேயரால் திருகி வேறு போட்டார். 60 ரூபாய். ஜார் சிக்கிக்கொண்டால் மோட்டாருக்குப் பதில் அந்தக் கப்ளர்தான் உடைய வேண்டும், அதற்காகத்தான் அதை லேசாகச் செய்கிறார்கள் என்றும் சொல்லி அனுப்பினார். மஞ்சள் இப்போது பழையபடி மில்லுக்குத்தான் போகிறது.

மிக்சி வாங்கப் போகிறவர்கள் வாட்ஸைக் கேட்கிறார்கள். சின்ன ஜாரைத் திறந்து பாருங்கள் என்பேன். பிள்ளைகள் இரண்டும் வெளியூர். வீட்டில் இருப்பது இரண்டே பேர், இரண்டு வேளை சட்னி. ஒன்றரை லிட்டர் ஜார் பேரன் வரும் லீவு நாளில்தான் அலமாரியை விட்டு இறங்குகிறது. 400 மில்லி சட்னி ஜார்தான் தினமும் ஓடுகிறது. அதில்தான் இந்த மிக்சி சறுக்குகிறது. பிளேடு அடிமட்டத்திலிருந்து ஒரு விரற்கடை உயரத்தில் நிற்கிறது. இரண்டு பேருக்கான ஒரு கை கடலைக்காயைப் போட்டால் (நிலக்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பேர்) பாதி அடியில் பத்திரமாகப் படுத்துக்கொள்ளும், பாதி சுவரில் ஒட்டிக்கொள்ளும், பிளேடு நடுவில் காற்றை அரைக்கும்.

இதை நான் கண்ணால் கண்டுபிடிக்கவில்லை. வாசலில் இருந்தபடியே அவள் காதால் கண்டுபிடித்தாள். “ஏனுங்க, அது அரைக்கற சத்தமில்லீங்க. வெறுஞ்சத்தம். நிறுத்துங்க.” பாரம் இருந்தால் மோட்டார் அடங்கி உறுமும், பாரம் விட்டுப் போனால் வேகம் கூடிக் கீச்சென்று கத்தும். இப்போது எனக்கும் அந்த வித்தியாசம் கேட்கிறது. கீச்சென்றதும் நிறுத்தி, கரண்டிக் காம்பால் வழித்துவிட்டு, மறுபடி ஓட்ட வேண்டும். ஒரு கடலைக்காய்ச் சட்னிக்கு நாலு தடவை. முதலில் வறுத்துத் தோல் நீக்கிய கடலைக்காய், வரமிளகாய், உப்பு மட்டும், பொடிந்த பிறகு பூண்டும் புளியும், தண்ணீர் கடைசியில். தண்ணீரை முதலிலேயே ஊற்றினால் கடலைக்காய் நீச்சலடித்துத் தப்பித்துவிடும். அதே ஜாரில் நாலு பேருக்கான அளவு போட்டால் ஒரே ஓட்டத்தில் வெண்ணெய் மாதிரி வருகிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நடுஜாரைக் குறை சொல்ல மாட்டேன். நாட்டுக்கோழிக்குச் செலவு (மசாலாவை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) அரைப்பது அதில்தான். வறுத்த மல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், தேங்காய் எல்லாம் சேர்த்து மூன்று நிமிடத்தில் விழுது. அம்மியில் அரைத்தால் இதைவிட மணம் இருக்கும் என்பது அவள் கட்சி. எனக்கு அந்த நாக்கு இல்லை. ஆனால் கொள்ளு விஷயத்தில் அவள் பக்கம்தான் நான். வேகவைத்த கொள்ளை மத்தில் கடைவதற்குப் பதில் ஜாரில் போட்டு அரை நிமிடம் விட்டேன், போஸ்டர் ஒட்டலாம் போல வந்தது. இப்போது திருகியை இடது பக்கம் தள்ளி விடுகிற அந்த ஒரு வெட்டு, இன்னொரு வெட்டு, அவ்வளவுதான். பருப்பு பாதி உடைந்து பாதி முழுசாக நிற்க வேண்டும்.

இந்த மிக்சி தன் விலைக்கு ஈடு செய்தது கம்பில்தான். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, பத்து நிமிடம் ஊறவிட்டு, நடுஜாரில் வெட்டு வெட்டாக ஓட்டினால் தோல் கழன்றுவிடும். முறத்தில் கொட்டிப் புடைத்துவிட்டு, மறுபடி இரண்டு ஓட்டு ஓட்டினால் குருணை. உரலில் இடித்தால் ஒரு மணி நேரம் ஆகிற வேலை, புடைக்கிற நேரத்தையும் சேர்த்து இருபது நிமிடத்தில் முடிகிறது. அதைச் சோறாக்கி, உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் காலையில் கம்மங்கூழ். உருண்டையைக் கரைக்க மட்டும் மிக்சி வேண்டாம், கையே போதும். சோம்பேறித்தனமாக ஒரு நாள் மோரோடு சேர்த்து ஓட்டினேன். நுரை பொங்கி, கூழ் என்கிற பேருக்கே பொருந்தாத ஏதோ ஒன்றாகிவிட்டது. “மில்க் ஷேக்குங்களா?” என்று கேட்டுவிட்டுக் குடித்தாள்.

நிஜ மில்க் ஷேக் பேரனுக்கு. பெரிய ஜாரில் குளிர்ந்த பாலும் மாம்பழமும் போட்டால் ஒரு நிமிடம்தான். தர்பூசணியை நீளமாக ஓட்டாதீர்கள், விதை நொறுங்கிக் கசக்கும். இரண்டு வெட்டுக் கொடுத்து வடிகட்டினால் போதும். பாலாடையைச் சேர்த்து வைத்து ஐஸ் தண்ணீரோடு ஓட்டினால் வெண்ணெய் திரண்டுவிடுகிறது. சூடான எதையும் மூடி போட்டு ஓட்டக் கூடாது என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறது. வேகவைத்த தக்காளியை ஆறவிடாமல் ஓட்டி, ஆவி மூடியைத் தூக்கி எறிந்து, சுவரெல்லாம் சிவப்பான பிறகுதான் அதைப் படித்தேன்.

இட்லி மாவுக்கு இதை வாங்க நினைப்பவர்கள் நினைக்கவே வேண்டாம். பிளேடு சுற்றுகிற வேகத்தில் மாவு சூடேறும், உளுந்து பொங்காது. வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோயமுத்தூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு மிக்சியில் மாவாட்டினால் ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், முன்னால் தலை நிமிர முடியாது.

மற்றபடி வயர் குட்டை. ப்ளக் பாயிண்டுக்குப் பக்கத்திலேயே மேடையைக் காலி பண்ண வேண்டியிருந்தது. விடிகாலை ஐந்தரைக்குப் போட்டால் பக்கத்துத் தோட்டத்து நாய் பதில் சொல்கிறது. பெரிய ஜார் மூடியின் ரப்பர் எட்டாம் மாதமே தளர்ந்து பால் கசிந்தது. கம்பெனி சர்வீஸ் எண்ணுக்கு மூன்று தடவை பேசியும், வாரண்டியில் ரப்பர் வராது என்பதைத் தவிர வேறு பதில் இல்லை. அதே கோபித் தம்பியிடம்தான் வாங்கினேன். வாங்கும்போது கையோடு இரண்டு கப்ளரும் சேர்த்து வாங்கி வந்தேன். கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. எங்கே என்று அவளுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன். கை இப்போது பரவாயில்லை, போன வாரம் தேங்காய்ச் சட்னியை அவளே அரைத்தாள். நான் முக்காலியில் உட்கார்ந்து சத்தம் கேட்டேன்.