பட்டு என்று நம்பி ரூ. 14,500 போனது: குஞ்சத்து நூலை மட்டும் எரித்துப் பார்த்து ஏமாறாதீர்கள்

நேற்று மாலையிலிருந்து மனசு ஆறவில்லை. லைவ் வீடியோ பார்த்துப் பட்டுப்புடவை வாங்குகிறவர்கள் தயவுசெய்து இதை முழுக்கப் படியுங்கள். எதை எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் வரிசையாகச் சொல்கிறேன்.

அடுத்த வாரம் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். அம்மா கட்டிக்கொள்ள ஒரு நல்ல காஞ்சிப் பட்டு வாங்க மாதா மாதம் கொஞ்சமாக எடுத்து வைத்தேன். அதில் ரூ. 14,500 கொடுத்து வாங்கியது இந்தப் புடவை. "தறியிலிருந்து நேராக உங்கள் வீட்டுக்கு" என்று தினமும் இரவு லைவ் போடும் ஒரு சமூக வலைதளப் பக்கம் அது. புகார் கொடுத்திருப்பதால் பெயரை எழுதவில்லை.

நான் எப்படி நம்பினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண் பச்சை உடலும் அரக்குக் கரையுமாக ஒரு புடவையை விரித்து, முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு நூலை உருவி, விளக்கில் காட்டினார். நூல் உருகவில்லை, மெதுவாகக் கருகியது. சாம்பலை விரலில் தேய்த்துக் கேமரா பக்கத்தில் நீட்டி, "பாருங்க அக்கா, பொடியாயிடுச்சு, பாலியஸ்டரா இருந்தா கட்டி தட்டும்" என்றார். சொன்னது முழுக்க உண்மை. என் பாட்டியும் இப்படித்தான் சோதிப்பார். அந்த நிமிடமே பணத்தை அனுப்பிவிட்டேன்.

புடவை வந்ததும் நானும் குஞ்சத்தில் ஒரு நூலை எடுத்து எரித்தேன். முடி கருகும் வாசனை வந்தது, சாம்பல் பொடிந்தது. சந்தேகப்பட்டோமே என்று எனக்கே வருத்தமாகி, அவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு செய்தியும் போட்டேன்.

உறுத்தியது ஒன்றே ஒன்று. அரக்குக் கரை சுத்த அரக்காக இல்லாமல் பச்சை கலந்து தெரிந்தது. கேட்டதற்கு "டபுள் ஷேட் அக்கா, அதுதான் ரிச் லுக்" என்று பதில். கோர்வைப் புடவை என்று சொல்லித்தானே விற்றார்கள்! கோர்வையில் உடலுக்கு ஒரு நாடா (குறுக்கு நூலைக் கொண்டு ஓடும் தறிக் கருவி), இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா, ஆக மூன்று நாடா ஓடும். கரையின் ஊடையும், அதாவது குறுக்கு நூலும், கரையின் நிறத்திலேயே இருப்பதால் நிறம் கலக்காது. உடலும் கரையும் சேரும் இடத்தில் இரண்டு ஊடையும் கோத்துக்கொள்ளும். பெரும்பாலும் நெசவாளருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கை கொடுக்க வேண்டிய வேலை அது. என் புடவையில் ஒரே பச்சை ஊடை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை ஓடியிருக்கிறது. அன்றே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

நேற்று தையல்கார அக்கா ரவிக்கைத் துண்டை வெட்டினார். வெட்டிய ஓரத்தில் குறுக்கு நூல் பிரிந்து வந்தது. அதைத் தொட்டுப் பார்த்தவர், "இது பட்டு மாதிரி இல்லையேம்மா" என்றார். தீயில் காட்டினோம். சுருண்டு, உருகி, கறுப்பு மணியாகக் கட்டி தட்டி நின்றது. குஞ்சத்தில் தொங்குவது பாவு நூல், நீளவாக்கில் ஓடுவது. அது பட்டுதான். குறுக்கே ஓடும் ஊடை முழுக்க பாலியஸ்டர். லைவில் அவர் எரித்தது பாவு நூலை மட்டும். ஊடையை யாரும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்தேதான் எரித்திருக்கிறார்.

உடனே படமும் வீடியோவும் அனுப்பினேன். முதலில் "டீம் பார்த்துச் சொல்வாங்க." அப்புறம் "தண்ணியில நனைச்சீங்களா?" தண்ணீரில் நனைத்தால் பட்டு பாலியஸ்டராகுமா? மூன்றாவதாக, "ரவிக்கைத் துணி வெட்டியாச்சு, ரிட்டர்ன் கிடையாது." வெட்டாமல் ஊடையை எப்படிப் பார்ப்பது என்று கேட்டேன், பதில் இல்லை. இன்று காலை என் எண்ணையே தடுத்துவிட்டார்கள். ரூ. 14,500! கலப்புப் பட்டு என்று சொல்லிக் குறைந்த விலைக்கு விற்றிருந்தால் அதில் ஒரு தவறும் இல்லை. சுத்தப் பட்டு, கைத்தறி, கோர்வை என்று மூன்று வார்த்தை சொல்லி வாங்கிய காசு இது.

வரிசையாகச் சொல்கிறேன் என்றேன், இப்போது அதற்குப் பொறுமை இல்லை. பாவு, ஊடை இரண்டையும் தனித்தனியாக எரித்துப் பாருங்கள். ஊடை நூல் வேண்டுமென்றால் ரவிக்கைத் துண்டின் வெட்டு ஓரத்தில் கிடைக்கும். செயற்கைப் பட்டில் விஸ்கோஸும் உண்டு, அது உருகாமல் காகிதம் போல எரியும். அதனால் உருகவில்லை என்பது மட்டும் போதாது, முடி வாசனை வர வேண்டும். மத்திய பட்டு வாரியத்தின் சில்க் மார்க் அட்டை புடவையிலேயே தொங்குகிறதா என்று பாருங்கள். அது பட்டுக்கு மட்டும்தான் சான்று. கைத்தறிக்கு ஹேண்ட்லூம் மார்க் தனி. என் புடவையில் இரண்டும் இல்லை, பெட்டியில் தங்க எழுத்து மட்டும் இருந்தது. பார்சல் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள். ரசீதில் "சுத்தப் பட்டு" என்று எழுதி வாங்காமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள். எனக்கு வந்த ரசீதில் "புடவை 1, ரூ. 14,500" என்று மட்டும்தான் இருக்கிறது.

நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்துவிட்டேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. ரவிக்கை எப்போது தைத்து வரும் என்று காலையிலிருந்து இரண்டு முறை கேட்டுவிட்டார்.