உள்ளூர் இன்டர்ன்ஷிப்பா, வெளிநாட்டுப் பரிமாற்றமா: வேலூர்ப் பிள்ளைகளுக்கு எது முதலில்?

பத்தாம் வகுப்புத் தேர்வு ஏப்ரலில் முடிகிறது, மே மாதம் ரிசல்ட். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் எந்த குரூப் என்று முடிவு செய்தாக வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த முடிவை எடுப்பது மார்க்கும், பக்கத்து வீட்டு அண்ணன் படித்த படிப்பும்தான். ஒரு வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு நாள்கூடக் கிட்டே நின்று பார்க்காமலே பிள்ளை பாதையைத் தேர்ந்துவிடுகிறது. இது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிற விஷயம்.

இதைச் சரிசெய்ய இரண்டு வழிகளைச் சொல்கிறார்கள். ஒன்று, விடுமுறையில் ஒரு நிறுவனத்திலோ பட்டறையிலோ சில வாரம் இன்டர்ன்ஷிப். இன்னொன்று, மாணவர் பரிமாற்றத் திட்டத்தில் வெளிநாடு போய் அங்குள்ள பள்ளியில் ஒரு கல்வியாண்டு படிப்பது. இரண்டுமே நல்லவைதான். ஆனால் என்ன படிப்பது என்று இன்னும் தெரியாத பிள்ளைக்கு முதலில் உள்ளூர் இன்டர்ன்ஷிப்தான் வேண்டும் என்பது என் முடிவு.

காரணம், நம் பக்கம் இருக்கிற வசதி. 2019-இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தாலும், பஸ்ஸில் ஏறினால் பழைய வட ஆர்க்காடு இன்னும் ஒரே ஊர்தான். வேலூரில் 1900-இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய சிறு மருந்தகம்தான் இன்றைய சிஎம்சி மருத்துவமனை. ராணிப்பேட்டையில் பெல் நிறுவனத்தின் பாய்லர் துணைக் கருவிகள் ஆலையும் சிப்காட் தொழிற்பேட்டையும் உண்டு. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்றால் தோலும் ஷூவும். குடியாத்தம் என்றால் லுங்கித் தறி. மருத்துவமனை என்றதும் டாக்டரும் நர்ஸும்தான் ஞாபகம் வரும். ஆனால் லேப் டெக்னீஷியன், பிசியோதெரபிஸ்ட், மருந்தாளுநர், ரெக்கார்டுகளைப் பார்ப்பவர், கருவிகளைப் பழுது பார்ப்பவர் என்று அங்கே எத்தனையோ வகை வேலை இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இந்தப் பெயர்களைச் சொல்லிக்கொடுக்கவே ஆள் இல்லை.

ஒரு ஷூ கம்பெனியின் கட்டிங் பிரிவை மட்டும் எடுத்துக்கொள்வோம். தோல் மேஜைக்கு வந்ததும் யாரும் உடனே வெட்டுவதில்லை. வெளிச்சத்தில் விரித்து, கையால் தடவி, உண்ணி கடித்த தடம், முள் கீறல், நரம்பு ஓடிய இடம் எல்லாம் பார்க்கிறார்கள். முதுகுப் பக்கத் தோல் கெட்டி, வயிற்றுப் பக்கம் இழுத்தால் நீளும். அதனால் ஷூவின் முன்புறம் முதுகிலிருந்து வரும், கண்ணில் படாத துண்டுகள் வயிற்றிலிருந்து வரும். எந்தத் திசையில் நீளும் என்று பார்த்துத்தான் டையை, அதாவது வெட்டும் அச்சை, வைக்கிறார்கள். தப்பாக வைத்தால் ஷூ கோணிக்கொள்ளும், மிச்சமாகும் தோலும் வீண். இதை அரை நாள் நின்று பார்க்கிற பிள்ளைக்குப் பரப்பளவுக் கணக்கு, பொருளறிவியல், செலவுக் கணக்கு மூன்றும் ஒரே மேஜையில் தெரியும். அப்புறம் குரூப் தேர்வு வேறு மாதிரி ஆகும். இந்தத் தொழிலின் மறுபக்கமும் அங்கேயே தெரியும். தோல் கழிவால் பாலாறு கெட்டதை எதிர்த்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996-இல் வந்த அந்தத் தீர்ப்பு இந்தியச் சுற்றுச்சூழல் சட்டத்தின் அடித்தளங்களில் ஒன்று. கழிவுநீர்ச் சுத்திகரிப்பில் வேலை இருக்கிறது, சட்டத்தில் வேலை இருக்கிறது என்று ஒரு பிள்ளைக்கு இங்கிருந்தே தோன்றலாம்.

குறைகளும் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. இன்டர்ன்ஷிப் என்று சேர்த்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்கவும் டீ வாங்கவும் அனுப்புகிற இடங்கள் இருக்கின்றன. பிள்ளை எதுவும் கற்காமல் சர்டிபிகேட்டோடு திரும்பும். சட்டத்தையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். தோல் பதனிடுவது ஆபத்தான தொழில் பட்டியலில் இருக்கிறது. 18 வயது ஆகாதவர்களை அதில் வேலைக்கு அமர்த்தக் கூடாது. தோல் பதனிடும் டிரம் இருக்கிற பக்கம் தூர நின்று பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. மருத்துவமனையிலும் நோயாளிக்குக் கிட்டே விடமாட்டார்கள், அதுவே நியாயம்.

இப்போது பரிமாற்றத்துக்கு வருவோம். அமெரிக்க அரசின் செலவில் நடக்கும் கென்னடி-லூகர் திட்டம், ரோட்டரி இளைஞர் பரிமாற்றம், ஏஎஃப்எஸ் போன்றவை இதில் பெயர் பெற்றவை. கென்னடி-லூகர் திட்டத்தில் தேர்வானால் பெரும்பாலான செலவை அவர்களே ஏற்கிறார்கள். ரோட்டரியில் தங்க வீடு கிடைக்கும், விமானச் செலவும் காப்பீடும் நம்முடையது. சொந்தச் செலவில் போகிற மற்றத் திட்டங்களுக்குப் பல லட்சம் ஆகும். பிள்ளை ஒரு குடும்பத்தோடு தங்கி, அங்குள்ள பள்ளியில் படிக்கும்.

இதன் பெரிய லாபம் ஆங்கிலம் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அமெரிக்கப் பள்ளியில் இயற்பியல் படிக்கிற பிள்ளையே அடுத்த பீரியடில் மரவேலையோ புகைப்படமோ கார் மெக்கானிசமோ எடுக்கலாம். நம் ஊரில் குரூப் எடுத்தவுடன் மூடிப்போகிற கதவுகள் அங்கே திறந்தே இருக்கின்றன. எனக்கு எது பிடிக்கிறது என்று தைரியமாகச் சோதித்துப் பார்க்க ஒரு வருடம் கிடைக்கிறது. தனியே இருந்து, தன் பிரச்சினையைத் தானே பேசித் தீர்க்கிற பழக்கமும் வருகிறது. இதை எந்த உள்ளூர் இன்டர்ன்ஷிப்பும் தராது.

ஆனால் அங்கே வேலை உலகத்தைப் பார்க்க முடியாது. பரிமாற்ற விசாவில் போகிற பள்ளி மாணவர் முறையான வேலைக்குப் போகக் கூடாது. எந்த ஊர் என்பதும் நம் விருப்பமில்லை. நம் பள்ளி ஜூனில் தொடங்குகிறது, அவர்களுடையது ஆகஸ்ட் அல்லது செப்டம்பரில். போய் வந்தால் இங்கே ஒரு வருடம் கழியும், நீட்டுக்குத் தயாராகிற வீட்டில் இது பெரிய சுமை. பிளஸ் ஒன் பொதுத்தேர்வை 2025-26 முதல் தமிழ்நாடு அரசு நீக்கியிருப்பதால் அழுத்தம் கொஞ்சம் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. அரசு செலவில் அமெரிக்கா போய் வருகிறவர் சில வகை வேலை விசாக்களுக்கும் குடியேற்றத்துக்கும் தகுதி பெற, இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருந்தாக வேண்டும். படிப்பு விசாவுக்கு இந்தத் தடை இல்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் தையல் பிரிவில் பெண்கள்தான் அதிகம். காலை போய் சாயங்காலம் வீடு திரும்புகிற இன்டர்ன்ஷிப்புக்கு அப்பா அம்மா சம்மதிப்பார்கள். ஒரு வருடம் முன்பின் தெரியாத குடும்பத்தோடு என்றால் பேச்சு அங்கேயே நின்றுவிடும். அதை மாற்ற வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் மாறும்வரை அந்தப் பெண் காத்திருக்க முடியாது.

வேறு பண்பாட்டைப் பார்ப்பதற்கும் விமானம்தான் ஏற வேண்டும் என்பதில்லை. சிஎம்சி இருக்கிற ஐடா ஸ்கடர் சாலையில் நடந்தால் போர்டுகளில் வங்காள எழுத்து. மேற்கு வங்கம், ஜார்கண்ட், வடகிழக்கு, வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வைத்தியத்துக்கு வருகிறார்கள். அங்கே ஒரு மெடிக்கல் ஷாப்பிலோ லாட்ஜ் வரவேற்பிலோ இரண்டு வாரம் நின்றால், பயத்தோடு வருகிற அந்நியரிடம் பொறுமையாகப் பேசக் கற்றுக்கொள்ளலாம்.

பிரான்சில் 14, 15 வயதிலேயே ஒவ்வொரு மாணவரும் ஒரு வாரம் ஒரு பணியிடத்துக்குப் போய் வர வேண்டும், ஜெர்மனியில் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரம். அங்கே இது பள்ளிப் பாடத்தின் பகுதி. இங்கே தொழிற்கல்விப் பிரிவுக்கு மட்டும் என்று நிற்காமல், எல்லா குரூப்புக்கும் இதைக் கொண்டுவர வேண்டும். 2022-இல் தொடங்கிய நான் முதல்வன் திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு உயர்கல்வி வழிகாட்டுதல் நடக்கிறது. வழிகாட்டும் கையேட்டோடு ஒரு வாரப் பணியிடமும் சேர்ந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

பரிமாற்றத்தை யாருக்குச் சொல்வேன்? ஏற்கெனவே ஒரு இடத்தில் நின்று பார்த்து, இது எனக்குப் பிடிக்கிறது, இதை வேறு நாட்டில் எப்படிச் செய்கிறார்கள் என்று கேட்கிற பிள்ளைக்கு. அந்தக் கேள்வியோடு போகிறவர் பள்ளியில் எந்தப் பாடம் எடுப்பது, யாரிடம் பேசுவது என்று தெரிந்து போவார். சரி, ஒரு வார வெளிநாட்டுப் பயணத்தைப் பரிமாற்றம் என்று சொல்லிப் பணம் கேட்டால்? அது சுற்றுலா. வசதி இருந்தால் போய் வரலாம், குரூப் தேர்வுக்கு அதை நம்ப வேண்டாம்.

இன்டர்ன்ஷிப் தேடுகிறவர்கள் தேர்வு முடிந்த பிறகு அலைய வேண்டாம். பிப்ரவரியிலேயே தலைமை ஆசிரியரின் கடிதத்தோடும் பெற்றோரின் சம்மதக் கடிதத்தோடும் போய்க் கேளுங்கள். பெரிய கம்பெனியில் கேட்டைத் தாண்ட முடியவில்லை என்றால் அவர்களுக்கு வேலை செய்துகொடுக்கும் சிறு பட்டறையில் கேளுங்கள், பெரும்பாலும் முதலாளியே பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுப்பார். எந்தப் பிரிவு, எத்தனை மணிக்கு வந்து எத்தனை மணிக்குப் போவது, யார் பொறுப்பு என்ற மூன்றையும் எழுதி வாங்குங்கள். ஒரே பிரிவில் முழு நாளும் நிறுத்தாமல் இரண்டு மூன்று பிரிவு காட்டச் சொல்லுங்கள். சாயங்காலம் வீட்டுக்கு வந்த பிள்ளையிடம், இன்று யாருடைய வேலை பிடித்தது, யாருடையது பிடிக்கவில்லை என்று கேளுங்கள்.