செட்டிநாட்டு வீட்டில் மாநாடு: ஏழு முறை நடத்திய அனுபவம்

முதல் ஆண்டு, முதல் உரை, காலை பத்தரை மணி. வளவில் திரை கட்டிப் புரொஜெக்டரைப் போட்டால் திரையில் ஒன்றுமே தெரியவில்லை. வளவு என்றால் செட்டிநாட்டு வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றம், சுற்றிலும் தாழ்வாரம். பத்தரை மணி வெயில் நேராக இறங்குகிற இடத்தில் திரை கட்டியிருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஒத்திகை பார்த்தபோது படம் பளிச்சென்று தெரிந்தது என்பதுதான் வேடிக்கை. உரையாற்ற வந்தவர் சிரித்துக்கொண்டே லேப்டாப்பை மூடிவிட்டு, ஒரு மணி நேரம் வாயாலேயே பேசினார். அந்த ஆண்டின் நல்ல உரை அதுதான் என்று இன்றும் சொல்கிறார்கள். எனக்கு வியர்த்தது எனக்குத்தான் தெரியும்.

நூலகர்களும் ஆவணக் காப்பாளர்களும் சேர்ந்த சிறிய அமைப்பு எங்களுடையது. ஆண்டுக்கு ஒருமுறை இரண்டரை நாள் கூடுவோம். நூற்றிருபது பேர் வந்தால் நல்ல கூட்டம். 2016 வரை சென்னையில் ஏதாவது ஒரு ஓட்டலில்தான் நடக்கும். மதியச் சாப்பாடு முடிந்ததும் பாதி நாற்காலி காலியாகிவிடும். உள்ளூர்க்காரர்கள் அலுவலகத்தை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போவார்கள், வெளியூர்க்காரர்கள் மகள் வீட்டுக்குப் போவார்கள். 2017இல் காரைக்குடிப் பக்கம் போனோம். கொரோனாவால் இரண்டு ஆண்டு விட்டுப்போனது. மற்றபடி 2025 வரை ஏழு முறை அங்கேதான்.

ஏன் காரைக்குடி? எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு அந்தப் பக்கம் ஒரு கணக்கு உண்டு. ரோஜா முத்தையா செட்டியார் தன் புத்தகங்களையும் நோட்டீசுகளையும் சேர்த்து வைத்த கோட்டையூர் காரைக்குடியை ஒட்டியே இருக்கிறது. அவர் காலத்துக்குப் பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கி, 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக ஆக்கியது. புதுக்கோட்டையில் ஞானாலயா என்ற தனியார் நூலகத்துக்கு ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். மேலும், பல நாள் கூட்டம் நடத்துவது அந்த ஊருக்குப் புதிதில்லை. சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் விழா, கடைசி நாளை நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதியில் முடிக்கும் வழக்கத்தோடு இன்றும் நடக்கிறது. பந்தல்காரர், மைக் செட்காரர், சமையல்காரர் எல்லாருக்கும் இருநூறு பேர் கூட்டம் என்றால் என்ன என்று நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

காரைக்குடியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் ஓர் ஊரில் ஒரு வீடு. ஓட்டலாக மாற்றாத, குடும்பத்தார் கையிலேயே இருக்கிற வீடு. ஓட்டலாக மாற்றிய பெரிய வீடுகளும் அந்த வட்டாரத்தில் இருக்கின்றன. அழகானவை, ஆனால் எங்கள் பட்ஜெட்டுக்கு அங்கே காபி குடிக்கலாம், அவ்வளவுதான்.

வீட்டை வாடகைக்குப் பிடிப்பதே தனிக் கதை. வளவைச் சுற்றி வரிசையாக அறைகள். ஒவ்வோர் அறையும் ஒரு புள்ளிக்கு, அதாவது கல்யாணமான ஒரு பிள்ளையின் குடும்பத்துக்கு. தலைமுறைகள் இறங்க இறங்கப் பங்கும் பிரிந்துகொண்டே போகிறது. ஒரு சாவி சென்னையில், ஒன்று கோயம்புத்தூரில், ஒன்று மலேசியாவில் ஈப்போவில். வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் ‘சரி சார்’ என்று சொன்னதை நம்பி அழைப்பிதழ் அடித்துவிட்டோம். மாநாட்டுக்கு மூன்று வாரம் இருக்கையில் ஒரு பங்காளி போன் போட்டு, “என்னைக் கேட்டீர்களா?” என்றார். கேட்கவில்லைதான். அடுத்த ஆண்டிலிருந்து பங்குள்ள எட்டுப் பேருக்கும் தனித்தனியாகக் கடிதம் போகிறது, எட்டுப் பேரும் ஒப்புக்கொண்ட பிறகே தேதி. இதற்கு நான்கு மாதம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

தேதியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் ஆண்டு நவம்பரில் வைத்தோம். இரண்டாம் நாள் மழை. நாலு பக்கக் கூரைத் தண்ணீரும் வளவில்தான் விழும், வீட்டைக் கட்டியதே அப்படி. பார்க்கக் கொள்ளை அழகு. ஆனால் ஆத்தங்குடித் தளக்கல் நனைந்தால் வழுக்கும். எங்கள் பொருளாளர் வழுக்கி விழுந்து மணிக்கட்டில் கட்டோடு கணக்கு வாசித்தார். டிசம்பரில் வைக்கலாம் என்றால் திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொன்றாம் நாள் பிள்ளையார் நோன்பு, நோன்புச் சடங்காக இழை எடுத்துக்கொள்ள வீட்டுக்காரர்களே வந்துவிடுவார்கள். முகூர்த்த மாதங்களில் வீட்டுக்காரர்கள் கல்யாணம் வந்தால் நமக்கு இடமில்லை. வீடு கிடைத்தாலும் சமையல்காரர் கிடைக்கமாட்டார். கடைசியில் வழி சொன்னது வீட்டிலேயே குடியிருக்கும் ஓர் ஆச்சி. “தம்பி, ஆடியில வைங்க. ஊரே சும்மா கிடக்கும்” என்றார். அன்றிலிருந்து ஆடிதான். மாநாடு நடத்த இடம் தேடுகிறவர்கள் கூகுள் காலண்டருக்கு முன்னால் பஞ்சாங்கத்தைப் பார்ப்பது நல்லது.

ஆடி வெயில் இருக்கும். ஆனால் கனத்த சுவர், உயர்ந்த கூரை, நடுவில் வளவு, எல்லாம் சேர்ந்து மின்விசிறியோடு சமாளிக்க முடிகிறது. ஏசி அறையில் தூங்கிவிழுகிற மதிய அமர்வில் இங்கே காற்று வருகிறது, ஆட்கள் விழித்திருக்கிறார்கள்.

ஒலிதான் எங்களை ரொம்பப் படுத்தியது. சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்த சுவர், கண்ணாடி மாதிரி வழவழப்பு. தரையும் அப்படியே. ஒரு சொல் சொன்னால் மூன்று முறை திரும்பி வரும். மைக் செட்காரர் கோயில் திருவிழாவுக்குப் போடுகிற இரண்டு பெரிய பெட்டிகளை வைத்து, சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனார். ஏற்ற ஏற்ற மோசமானது. மூன்றாம் ஆண்டில் ஒரு வழி பிடித்தோம்: பெரிய பெட்டி வேண்டாம், இரண்டு தூணுக்கு ஒரு சின்னப் பெட்டி, சத்தம் குறைவாக. தரை முழுக்க ஜமுக்காளம். பேசுகிறவருக்கு எதிர்ச்சுவரில் கெட்டியான பருத்தித் துணி. “கல்யாண வீட்டுல இப்படிச் சத்தமில்லாம வச்சா என்னை அடிப்பாங்க சார்” என்று மைக் செட்காரர் வருத்தப்பட்டார். இப்போது அவரே துணியைக் கொண்டுவந்து கட்டிவிடுகிறார். படம் காட்ட வேண்டிய உரைகளை முன்கட்டுப் பட்டாலைக்கு, அதாவது வீட்டின் முன்பகுதிக் கூடத்துக்கு, மாற்றிவிட்டோம், அங்கே வெளிச்சம் குறைவு. வளவில் சுவரொட்டி அமர்வு மட்டும். தூணுக்குத் தூண் கயிறு கட்டி, துணி காயப்போடுவது போலத் தாள்களைத் தொங்கவிட்டால் போதும். ஆணி அடிக்கக் கூடாது. பர்மாத் தேக்குத் தூணில் யாராவது ஆணி அடித்தால் அத்தோடு உறவு முடிந்தது.

சாப்பாட்டைப் பற்றி நீட்டி எழுதினால் இது சமையல் குறிப்பாகிவிடும். ஒன்று மட்டும்: இந்த வீடுகள் கல்யாணத்துக்கென்றே கட்டியவை. இரண்டாங்கட்டில், அதாவது வளவுக்கு அடுத்த பகுதியில், பந்தி, அதற்குப் பின்னால் அடுப்படி, பின்வாசலில் பாத்திரம் கழுவ இடம். நூற்றிருபது பேர் இரண்டு பந்தியில் நாற்பது நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ஓட்டல் பஃபே வரிசையில் தட்டோடு நின்ற காலத்தை நினைத்துக்கொள்வேன். நாலு மணிக்கு வெள்ளைப் பணியாரமும் காரச் சட்னியும்.

குறைகள் நிறைய. கழிப்பறை போதாது. தற்காலிகக் கழிப்பறைகள் தருவித்துப் பின்பக்கம் வைக்கிறோம், பெண்களுக்கு அது இன்னும் சிரமம்தான். வாசலில் உயரமான படி, கட்டுக்குக் கட்டு நிலைப்படி. சக்கர நாற்காலியில் வருகிற உறுப்பினர் ஒருவர் முதல் ஆண்டு நான்கு பேர் தூக்க உள்ளே வந்தார். தூக்கியவர்களுக்குப் பெருமையாக இருந்திருக்கும், அவருக்கு அது பிடிக்கவில்லை. முகத்திலேயே தெரிந்தது. இப்போது பலகைச் சரிவுகள் செய்து வைத்திருக்கிறோம், இருந்தாலும் முழுத் தீர்வு இல்லை. மின்கம்பி பழையது, ஜெனரேட்டர் இல்லாமல் இறங்காதீர்கள். சென்னையிலிருந்து பல்லவன் ரயிலில் வந்தால் இறங்கும்போது ராத்திரி ஆகிவிடும். விமானத்தில் வருகிறவர்கள் திருச்சியிலோ மதுரையிலோ இறங்கி, அங்கிருந்து காரில் வர வேண்டும். அப்புறம், காரைக்குடி லாட்ஜுகளிலிருந்து தினமும் வேன். வாடகையில் மிச்சமான பணமெல்லாம் ஜெனரேட்டருக்கும் வேனுக்கும் போய்விட்டது. மலிவு என்று நினைத்து வராதீர்கள்.

அப்படியிருந்தும் ஏன் தொடர்கிறோம்? 2023இல் ஒரு ராத்திரி. சாப்பிட்டு முடித்துப் பத்து மணிக்கு வேன் நிற்கிறது, யாரும் ஏறவில்லை. திண்ணையில் இருபது பேர். தமிழ்ப் பெயர்களை அட்டவணையில் எப்படி வரிசைப்படுத்துவது என்று சண்டை. ரோஜா முத்தையாவை ‘ரோ’வில் போடுவதா, ‘மு’வில் போடுவதா? முப்பது வருடச் சர்வீஸ் உள்ள ஓர் அம்மாவும், போன மாதம் வேலையில் சேர்ந்த ஒரு பையனும் எதிரெதிர்க் கட்சி. வேன் டிரைவர் பன்னிரண்டு மணிக்கு ஹார்ன் அடித்தார். சென்னையில் பதினோரு ஆண்டு நடத்தியதில் இப்படி ஒரு சண்டையை நான் பார்த்ததில்லை. அங்கே எல்லாரும் ஒன்பது மணிக்கே வீட்டில் இருப்பார்கள்.

அடுத்த ஆடிக்கு ஏழு பேர் சரி சொல்லிவிட்டார்கள். ஈப்போவிலிருந்துதான் இன்னும் பதில் வரவில்லை.