கோம் ஓம்போ அச்சுப்படம்: வண்ணம் தீட்டியதா, தீட்டாததா?

ஸ்காட்லாந்து ஓவியர் டேவிட் ராபர்ட்ஸ் 1838இல் எகிப்தில் வரைந்த கோம் ஓம்போ கோயில் இடிபாட்டின் லித்தோகிராஃபை (கல்லில் வரைந்து அச்சிடும் படம்) வாங்க நினைப்பவர்கள் முன் பொதுவாக மூன்று வகை வரும். 1846–49இல் லண்டனில் எஃப். ஜி. மூன் வெளியிட்ட பெரிய தாள், கையால் வண்ணம் தீட்டியது. அதே பெரிய தாள், கைவண்ணம் இல்லாமல் மென்சாயலோடு (மெல்லிய பின்னணி நிறம்) மட்டும் அச்சானது. அப்புறம், 1855–56இல் டே அண்ட் சன் கொண்டுவந்த சின்னப் பதிப்பு. நான் வாங்கியது இரண்டாவது. இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

சின்னப் பதிப்பு விலை குறைவு, எளிதில் கிடைக்கும், சிறிய சுவருக்கும் போதும். ஆனால் ராபர்ட்ஸ் நாடகத் திரைச்சீலை வரைந்து பழகியவர். அவருடைய பிரம்மாண்டம் பெரிய தாளில்தான் முழுசாகத் தெரிகிறது. நைல் கரை மேட்டில் அந்தத் தூண்கள் மணலில் பாதி புதைந்து நிற்கின்றன. 1893இல் மணலை அகற்றிவிட்டார்கள். இன்று அங்கே போனாலும் அந்தக் காட்சி கிடைக்காது.

வண்ணம் தீட்டிய தாள் பார்த்ததும் மனதை இழுக்கும், மறுக்கவில்லை. சிக்கல் பராமரிப்பில்தான். மேலே பூசியிருப்பது நீர்வண்ணம். வெளிச்சம் பட்டால் வெளிறும், அதுவும் ஒரே சீராக வெளிறாது: மவுண்ட் (ஃபிரேமுக்குள் படத்தைச் சுற்றி வைக்கும் அட்டை) மறைத்த ஓரம் ஒரு நிறம், நடுப்பகுதி வேறு நிறம். போன நிறம் திரும்ப வராது. இதனால்தான் அருங்காட்சியகங்கள் இத்தகைய தாள்களை 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில் சில மாதங்கள் வைத்துவிட்டு உள்ளே எடுத்துவிடுகின்றன. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி போட்டால் கெடுவது தாமதமாகும், நிற்காது. வீட்டுக் கூடத்தில் இதையெல்லாம் யார் கடைப்பிடிப்பது?

வண்ணமில்லாத தாளில் இருப்பது ராபர்ட்ஸின் ஓவியத்தைப் பார்த்து லூயி ஹாக் என்ற கலைஞர் அச்சுக் கல்லில் வரைந்த கோடுகளும், எண்ணெய் மையில் அச்சிட்ட மென்சாயலும். வெளிச்சத்தை இவை எவ்வளவோ நன்றாகத் தாங்கும். காகிதம் பழுப்பேறும், ஈரத்தில் புள்ளி விழும். அது எல்லா வகைக்கும் உண்டு. அமிலமில்லாத மவுண்ட் போட்டு, கண்ணாடி தாளில் ஒட்டாமல் இடைவெளி விட்டு, மழை ஊறும் வெளிச்சுவரைத் தவிர்த்தால் பெரும்பாலும் சமாளிக்கலாம்.

மறுவிற்பனையில், வெளியான காலத்திலேயே தீட்டிய வண்ணத்துக்குத்தான் மதிப்பு அதிகம். ஆனால் வண்ணமில்லாத தாள்கள் பலவற்றுக்குப் பின்னாளில் வியாபாரிகள் வண்ணம் பூசியிருக்கிறார்கள். பழைய கறையின் மேலேயே வண்ணம் படிந்திருந்தால் சந்தேகப்படலாம். மற்றபடி அன்றையது எது, பிந்தையது எது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் போதாது. விற்றுப் பார்த்த அனுபவமும் இல்லை.

எதை வாங்கினாலும் சரி, ஃபிரேமைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மவுண்டுக்கு அடியில் இருக்கும் ஓரத்தை நடுப்பகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.