ஜெர்மன் திகில் சொற்களுக்கு டிடபிள்யூடிஎஸ் அகராதி: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகம் நடத்தும் இலவச இணைய அகராதி இது. ஜெர்மனில் அச்சத்துக்கும் அமானுஷ்யத்துக்கும் சொற்கள் ஏராளம், ஆனால் ஒன்றின் இடத்தில் இன்னொன்று உட்காராது. ஓர் அகராதியை உரசிப் பார்க்க இதைவிட நல்ல இடம் இல்லை.

'உன்ஹைம்லிஷ்' என்று தேடினால் 'அச்சமூட்டும்' என்ற பொருளோடு பேச்சுவழக்குப் பொருளும் தனியாக வருகிறது. 'உன்ஹைம்லிஷ் நெட்' என்றால் 'ரொம்ப நல்ல மாதிரி', அவ்வளவுதான். முன்னால் உள்ள 'உன்'னை எடுத்துவிட்டால் எதிர்ச்சொல் வந்துவிடாது. 'ஹைம்லிஷ்' என்பது 'இரகசியமாக'. வீட்டுக்குள் இருக்கும் இதத்தைச் சொல்வது 'ஹைமெலிஷ்'.

இதன் உண்மையான பலம் 'வோர்ட்ப்ரோஃபீல்' பகுதி. ஒரு சொல் எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது என்பதை அது காட்டும். 'முல்மிஷ்' என்று போட்டால் 'கெஃப்யூல்', அதாவது உணர்வு, உடன் வரும். வயிற்றைக் கலக்கும் அந்த உணர்வுக்குத்தான் இந்தச் சொல். பேய்ப்படத்தை 'முல்மிஷ்' என்று யாரும் சொல்வதில்லை, அதற்கு 'க்ரூஸெலிஷ்' இருக்கிறது. 'கெஹொயர்' பெரும்பாலும் 'நிஷ்ட்' என்ற மறுப்போடுதான் நடமாடும்: 'தாஸ் இஸ்ட் மிர் நிஷ்ட் கெஹொயர்', ஏதோ சரியாகப் படவில்லை.

மேற்கோள் வாக்கியங்களைப் படிக்கும்போது வேற்றுமையைக் கவனியுங்கள். 'மிர் இஸ்ட் உன்ஹைம்லிஷ்' என்பதில் வரும் 'மிர்' நம் 'எனக்கு'தான். 'எனக்குப் பயமாக இருக்கிறது' என்று பேசிப் பழகிய நமக்கு இந்த அமைப்பு எளிது. 'இஷ் பின் உன்ஹைம்லிஷ்' என்றால் பயப்படுவது நீங்கள் இல்லை, பயமுறுத்துவதே நீங்கள்தான்!

காலை வாரும் இடம் ஒத்தசொல் பட்டியல். தன்னார்வலர்கள் தொகுத்த ஓப்பன்தெசாரஸிலிருந்து வருவதால் சொற்கள் குவியலாகக் கிடக்கும், நுட்ப வேறுபாடு தெரியாது. அங்கிருந்து நேராக எடுத்து எழுதாதீர்கள். ஒவ்வொரு சொல்லின் தனிப் பக்கத்தையும் திறந்து பார்க்க வேண்டும். வடிவம் ஒத்த சொற்களில் இது இன்னும் முக்கியம்: 'க்ராவ்ஸிஷ்' குலைநடுங்க வைப்பது, 'க்ராவ்ஸாம்' கொடூரமானது.

விளக்கங்கள் முழுக்க ஜெர்மனில்தான். ஐரோப்பிய மொழித்திறன் அளவுகோலில் இடைநிலையான பி1-க்குக் கீழே இருப்பவர்கள் திணறுவார்கள். சொற்பிறப்புப் பகுதி சுருக்கக்குறிகளால் நிரம்பியது, அவசரத்துக்கு உதவாது. பி1 தாண்டியவர்களுக்குத் தயங்காமல் பரிந்துரைக்கலாம்.