பாதத்தில் சுற்றும் பட்டியா, தமனி ரத்தமா?

பச்சிளங்குழந்தையின் பாதத்தில் சுற்றும் பல்ஸ் ஆக்சிமீட்டர் பட்டி அருமையான கருவிதான், ஊசி இல்லை, வலி இல்லை, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவு எத்தனை சதவீதம் என்ற எண்ணை இரவு பகலாகக் காட்டிக்கொண்டே இருக்கும். ஆனால் அது ஒளியை வைத்துக் கணக்குப் போடுகிறது: சிவப்பும் அகச்சிவப்பும் தோலைத் தாண்டித்தான் ரத்தத்துக்குப் போக வேண்டும், வழியில் தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சுவதால் கருமையான தோலில் எண் உண்மையைவிட ஏறியே வர வாய்ப்பு அதிகம். 2020-இல் வந்த அமெரிக்க ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய அளவீடுகளில், கறுப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதத்தில் உண்மை அளவு 88-க்கும் கீழே, வெள்ளையர்களிடம் 3.6. அது பெரியவர்கள் கணக்கு. குறைமாதக் குழந்தைகளிடமும் இதே சாய்வு தெரிகிறது, இடைவெளிதான் சிறியது.

தமனியிலிருந்து ரத்தம் எடுத்து ஆக்சிஜனை நேரடியாக அளக்கும் தமனி ரத்தப் பரிசோதனைக்குத் தோல் நிறம் ஒரு பொருட்டே இல்லை. சரி, அதையே அடிக்கடி செய்யலாமே என்றால், ஒரு கிலோ குழந்தையின் உடலில் மொத்த ரத்தமே சுமார் 90 மில்லிதான், எடுக்க எடுக்க ரத்தசோகை வரும். அப்புறம், அது எடுத்த அந்த நேரத்து நிலையை மட்டுமே சொல்லும்.

அதனால் தொடர்ந்து கவனிக்கப் பட்டியே போதும் என்பேன். ஆனால் கருமையான குழந்தைக்கு எண் 90, 91 என்று விளிம்பிலேயே நின்றால், தொப்புள் தமனியில் குழாய் ஏற்கெனவே இருந்தால், ஒருமுறை ரத்தத்தோடு ஒத்துப்பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள்.