தமனியா, சிரையா?

இதயத்திலிருந்து ரத்தத்தை வெளியே கொண்டுபோவது தமனி. இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுவருவது சிரை. தமனியில் சுத்த (ஆக்சிஜன் நிறைந்த) ரத்தம், சிரையில் அசுத்த ரத்தம் என்று பிரித்துப் படித்தவர்கள், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் நுரையீரல் தமனியில் இடறுவார்கள். அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம்தான். ஆகவே திசையை வைத்துச் சொல்வதே சரி.

தமனியின் சுவர் தடிமன், உள்ளே அழுத்தமும் அதிகம். மணிக்கட்டில் நாடி துடிப்பதும், வெட்டுப்பட்டால் ரத்தம் பீறிடுவதும் அதனால்தான்.

சிரையில் அழுத்தம் குறைவு. கைகால் சிரைகளில் ரத்தம் பின்னோக்கி வழியாதபடி வால்வுகள் உண்டு. அவை பழுதானால் கால் சிரைகள் புடைத்துச் சுருளும். இதைத்தான் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். உண்மையில் நரம்புக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை! அப்புறம், ரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்துவதும் பெரும்பாலும் சிரையில்தான்.